புதுப்பிப்பு: ஃப்ரீபிஎஸ்டியில் ஒருவழியாக பில்டு ஆகிவிட்டது

போன வாரம் புலம்பியிருந்தேன்: லினக்ஸில் ஒழுங்காக ஓடும் ஒரு சின்ன எழுத்துக்குறி மாற்றி (உரையை ஒரு குறியாக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நிரல்), முத்தியால்பேட்டை வீட்டில் ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஓடும் என் கணினியில் கம்பைல் ஆகவே மாட்டேன் என்கிறது என்று. நேற்று ராத்திரி ஆகிவிட்டது.

முதல் பிழை, அந்தப் புலம்பலுக்குப் பதிலாக நீங்கள் சொன்னதுதான்: மேக், அதாவது மேக்ஃபைலில் உள்ள குறிப்புகளின்படி நிரலை பில்டு செய்யும் கருவி. அங்கே மேக் என்றால் பிஎஸ்டி மேக். லினக்ஸில் வழக்கமான குனு பாணி மேக்ஃபைல் அதற்குப் புரியாது. ஜிமேக் (குனு மேக்) நிறுவியதும் தீர்ந்தது. நிரலில் மல்லாக்.ஹெச் என்ற ஹெட்டர் (நூலகத்தில் உள்ள பெயர்களை அறிவிக்கும் கோப்பு) இருந்த இடத்தில் எஸ்டிடிலிப்.ஹெச் போட்டேன், அதுவும் ஐந்து நிமிட வேலை.

உயிரை வாங்கியது லிங்கர்தான், அதாவது கம்பைல் ஆன துண்டுகளை நூலகங்களோடு இணைக்கும் கருவி. 'லிப்ஐகான்வ்_ஓப்பன்' கிடைக்கவில்லை என்று ஒரே பல்லவி. ஏதோ நூலகம் குறைகிறது என்று நினைத்து, கரண்ட் போய்ப் போய் வந்த இரண்டு நாளும் எதையெதையோ நிறுவிப் பார்த்தேன். குறையவில்லை, இரண்டு இருந்ததுதான் கோளாறு! 2014இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 10.0 பதிப்பிலிருந்து ஐகான்வ் (குறியாக்கம் மாற்றும் செயற்கூறுகள்) அடிப்படை சி நூலகத்திலேயே உண்டு. வேறு ஏதோ மென்பொருளை நிறுவியபோது குனு லிப்ஐகான்வும் கூடவே வந்திருக்கிறது. மேக்ஃபைல் காட்டிய பாதையில் கம்பைலர் அந்த குனு ஹெட்டரை எடுத்துக்கொண்டது. அது ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'லிப்' ஒட்டிவிடும். சி நூலகத்தில் அப்படியொரு பெயர் ஏது?

கம்பைல் செய்யும்போது, 'லிப்' ஒட்டாதே என்று அந்த ஹெட்டருக்குச் சொல்லும் 'லிப்ஐகான்வ்_பிளக்' மேக்ரோவை வரையறுத்தேன், ஒட்டு போய்விட்டது. குனு நூலகத்தையே லிங்க் செய்தாலும் சரிதான், எனக்குக் கூடுதல் சார்பு வேண்டாம் என்று தோன்றியது. அப்புறம், பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை (முன்பே கம்பைல் ஆன துண்டுகளை) அழித்துவிட்டு பில்டு செய்யுங்கள். அதை மறந்ததில் எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் போச்சு.