சாகை முதல் சஹன் வரை: கடலூர்ப் பக்கம் நான் சேர்ந்து சாப்பிட்ட இடங்கள்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் "உங்க ஊர்ல சாகை என்னிக்கு?" என்றுதான் விசாரிப்பார்கள். எனக்குப் பிறந்த ஊர் குறிஞ்சிப்பாடி, வாக்கப்பட்டது கடலூர் திருப்பாதிரிப்புலியூர். மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பதற்குத் தமிழ்நாடு முழுக்கச் சாகை வார்த்தல் என்றுதான் பெயர் என்று நினைத்திருந்தேன். புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாகைக்கு லீவு கேட்டபோது, மதுரைப் பக்கத்து அக்கா ஒருவர் "சாகையா? அப்படின்னா என்ன?" என்றார். அவருக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கே புரிந்தது.

கூழ் ஊற்றுவது என்றால் ஒருவர் ஊற்ற மற்றவர் வாங்கிக் குடிப்பதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் ஊர்ச் சாகை அப்படி இல்லை. கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யரிசி போட்டு வீட்டுக்கு வீடு கூழ் காய்ச்சுவார்கள். சாகை அன்றைக்குக் குடத்தில் வேப்பிலை செருகி, மேளத்தோடு தெருவே கோயிலுக்குப் போகும். வாசலில் பெரிய கொப்பரை இருக்கும். கொண்டுபோன கூழை எல்லாரும் அதில்தான் கொட்ட வேண்டும். எங்கள் அம்மா கெட்டியாகக் காய்ச்சுவார். எதிர்வீட்டு அத்தை மோர் நிறைய விட்டுத் தண்ணியாகக் கரைப்பார். இல்லாத வீட்டிலிருந்து ஒரு சொம்புதான் வரும். கொப்பரையில் துடுப்புப் போட்டுக் கிளறிய பிறகு எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் அதிலிருந்துதான் எல்லாருக்கும் வார்ப்பார்கள். வீட்டிலிருந்து போனது எங்கள் கூழ், திரும்பி வந்தது தெருவின் கூழ். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அதைக் குடிக்கிற ருசி வீட்டில் தனியாகக் காய்ச்சினால் வருவதில்லை, நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

அதே அலுவலகத்தில் பரங்கிப்பேட்டைத் தோழி ஒருத்தி இருந்தாள். காலையில் பார்த்ததும் "பசியாறிட்டியா?" என்பாள். முஸ்லிம் வீடுகளில் காலைச் சாப்பாட்டுக்கே பசியாறுதல் என்றுதான் பேச்சு. நாம் டிபன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், அவர்கள் எவ்வளவு நல்ல தமிழை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

அவள் தங்கை கல்யாணத்துக்குப் போனபோதுதான் சஹன் சாப்பாடு பார்த்தேன். பாய் விரித்து, நடுவில் ஒரு பெரிய தட்டு. அதுதான் சஹன். தட்டு நிறையச் சோறு, மேலே கறி, பக்கத்தில் தால்ச்சா. பெண்கள் நாங்கள் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்தோம், மற்ற மூவரும் எனக்கு முன்பின் தெரியாதவர்கள். ஒரே தட்டில் எப்படிக் கை வைப்பது என்று தயங்கினேன். எதிரில் இருந்த வயதான அம்மா அதைக் கவனித்துவிட்டு, "உன் பக்கத்துச் சோத்துலேர்ந்து ஆரம்பிம்மா" என்றார். சொல்லிக்கொண்டே நடுவில் கிடந்த நல்ல கறித்துண்டு ஒன்றை விரல் நுனியால் மெல்ல என் பக்கம் தள்ளினார். அதற்கு மேல் பேச்சு எதுவும் இல்லை, அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் நான்கு பேருடைய சோற்றுக்கும் நடுவே இருந்த கரை கரைந்துவிட்டது. இலையில் பரிமாறும்போது யாருக்கு என்ன வைத்தார்கள் என்று பக்கத்து இலையைப் பார்ப்போமே, சஹனில் அந்தப் பேச்சே இல்லை.

பந்தி என்று வந்தால் கதை வேறு. ஆகஸ்ட் 15 அன்று கோயில்களில் சமபந்தி விருந்து போடுவார்கள், இப்போது பொது விருந்து என்கிறார்கள். எங்கள் பெரியம்மா அதைச் 'சம்பந்தி விருந்து' என்று கேட்டுவிட்டு, "யார் வீட்டுக் கல்யாணம்?" என்று விசாரித்தார். பொது விருந்து நல்ல பெயர்தான். ஆனாலும் எனக்குச் சமபந்திதான் பிடிக்கும். ஒரே வரிசையில் உட்காரவிடாத காலம் ஒன்று இருந்தது என்பதை அந்தச் சொல் மறக்கவிடாமல் வைத்திருக்கிறது.

வடலூரை விட்டுவிட்டு எங்கள் ஊர்க்காரர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேச முடியாது. 1867 மே 23-இல் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பார்வதிபுரம் மக்கள் கொடுத்த நிலத்தில்தான் அது நிற்கிறது. சின்ன வயதில் தைப்பூசத்துக்கு அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போவேன். நீ யார், எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை, உட்கார்ந்தால் சோறு வரும். வள்ளலார் அன்னதானம் என்று சொல்வதோடு நிற்கவில்லை, பசியாற்றுவித்தல் என்றார். தோழியின் "பசியாறிட்டியா?"வைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தருமச்சாலை ஞாபகம் வரும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து கிடந்தன, கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் சில வீடுகளில் அரிசி இருந்தது, கேஸ் இல்லை. சில வீடுகளில் அடுப்பு இருந்தது, போட ஒன்றும் இல்லை. கேட்கவும் கூச்சம், கொடுக்கவும் கூச்சம். தெருக்கோடி ஆயா ஒருவர்தான் வெளியே வந்து, "யாரும் யாருக்கும் குடுக்க வேணாம், சாகை மாதிரி எல்லாரும் கொண்டாந்து கொட்டுங்க" என்று சத்தம் போட்டார். கல்யாண அண்டா ஒன்று வந்தது. விழுந்த வேப்பமரத்தின் காய்ந்த கிளைகளையே வெட்டி அடுப்பு மூட்டினோம். புழுங்கலரிசி, பச்சரிசி, துவரம்பருப்பு, பாதி பூசணி, யார் வீட்டிலோ மிச்சமிருந்த நாலு கத்திரிக்காய், எல்லாம் ஒரே அண்டாவில் வெந்தன. ஐந்து நாள் அப்படித்தான் சாப்பிட்டோம்.

எங்கள் தெருவில் இன்றைக்கும் அதற்குப் பெயர் தானே சாகை.