கிறிஸ்தோபர் பிளம்மர்: மேடை வேலையை எங்கையிருந்து படிக்கத் தொடங்கிறது?

கோண்டாவில்_மாணவி:
நாடகமும் அரங்கியலும் ஒப்படைக்கு கனேடிய நடிகர் கிறிஸ்தோபர் பிளம்மரை எடுத்திருக்கிறன். 'சவுண்ட் ஒஃப் மியூசிக்' கப்டன் எண்டுதான் இஞ்ச எல்லாருக்கும் தெரியும். மேடை வேலையை எதிலை தொடங்கலாம்? எங்கட குழு மூண்டு பக்கமும் சனம் இருக்கிற மாதிரி ஒரு நாடகம் போட்டு, பிறகு அதையே வீடியோவும் எடுக்கப்போகுது. அதுக்கும் உதவுமோ?

களரி:
அந்தப் படத்தைத் தள்ளி வையுங்கோ தங்கச்சி. அதிலை பாட்டுக்குரல்கூடப் பெரும்பாலும் பில் லீ எண்ட பாடகரின்ரை. 1956இலை ஒன்ராறியோ ஸ்ட்ரட்ஃபோர்ட் நாடக விழாவிலை ஆடின ஷேக்ஸ்பியரின்ரை 'ஐந்தாம் ஹென்றி'யிலை தொடங்குங்கோ. படங்களிலை பேர் எடுத்த பிறகும் அந்த மேடைக்கு அவர் திரும்பத் திரும்ப வந்தார்: 2002இலை லியர் வேடம், 2008இலை சீசர் வேடம், 2010இலை எண்பது வயதிலை 'டெம்பெஸ்ட்' நாடகத்திலை புரொஸ்பரோ வேடம். ஒப்படையின்ரை முதுகெலும்பு இதுதான். ரெண்டு டோனி விருதும் (1974, 1997) மேடைக்குத்தான்.

அந்த மேடையைச் சுத்தி 220 பாகைக்கு இருக்கை. கடைசி வரிசையும் ஏறக்குறைய 20 மீற்றருக்குள்ளை. வட்டக்களரி, அதாவது கூத்து ஆடுற வட்ட மேடை, பாத்தவைக்கு இது புதுசில்லை. ஆனால் கூத்திலை ஆடுறவர் சுத்தி வருவார், பிற்பாட்டுக்காரர் வரியைத் திருப்பிப் படிப்பினம். வசன நாடகத்திலை அந்த ரெண்டும் இல்லை, தவறின வரி தவறினதுதான்.

அதாலை முன்பக்க நடுவிலை நிக்காதேங்கோ, பின்னாலை நிக்கிறவர் மறைஞ்சு போவார். ரெண்டு பேர் கதைச்சால் மூலைவிட்டமா, ரெண்டு மீற்றர் இடைவிட்டு நில்லுங்கோ. ஆறேழு வரிக்கு ஒருக்காத் திரும்புங்கோ, ஆனால் கதையிலை காரணம் இருக்கோணும். கதிரைக்கு முதுகு வேண்டாம், வாங்கு போதும். முக்கியமானது மூச்சு. தமிழிலை வினை கடைசியிலைதான் வரும். வரி முடிய மூச்சு இறங்கினால் அவன் 'போனானோ', 'போகேல்லையோ' எண்டு பின்வரிசைக்குத் தெரியாது. கடைசிச் சொல்லுக்கு முன்னம் மூச்சு எடுத்துப் பழகுங்கோ.

வெளிச்சம்:
கமராவுக்கு 'பிகினர்ஸ்' படம் பாருங்கோ. அதுக்குத்தான் 2012இலை, 82 வயதிலை ஒஸ்கார். ஒப்பிட, புரொஸ்பரோவா நடிச்ச 'டெம்பெஸ்ட்' மேடையிலையே படமாக்கப்பட்டிருக்கு. ஒரே ஆள், அடுத்தடுத்த வேலை. குரலின்ரை அளவையும் கையின்ரை அசைவையும் பக்கத்திலை வச்சுக் குறிச்சுக்கொள்ளுங்கோ.

உங்கட வீடியோவிலை முதலிலை பிழைக்கிறது ஒலிதான். மேடைக் குரல் மைக்கிலை கிழியும். ஆகச் சத்தமான வரியைச் சொல்லவிட்டு, ஒலிப்பதிவு அளவுமானி -12 டெசிபலுக்கு மேலை போகாமல் வையுங்கோ. அடுத்தது தொடர்ச்சி. தூர ஷொட்டிலை எந்தச் சொல்லுக்குத் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினீங்களோ, கிட்ட ஷொட்டிலையும் அதே சொல், அதே கை. இல்லாட்டி வெட்டி ஒட்டேலாது. பிரதியிலை பென்சிலாலை குறிச்சு வையுங்கோ. கிட்ட ஷொட்டிலை தலையை ஆட்டாமல் கண்ணாலை கேளுங்கோ.

கோண்டாவில்_மாணவி:
பெரிய உதவி. மாற்று நடிகர் ஒருத்தரை வைக்கச் சொல்லி எங்கட நெறியாளர் நிக்கிறார். ஆக்கள் குறைவு, அது தேவையோ?

களரி:
கட்டாயம். அதே 'ஐந்தாம் ஹென்றி'யிலை சிறுநீரகக் கல்லாலை பிளம்மர் ஆஸ்பத்திரிக்குப் போக, மாற்றாளா இருந்த வில்லியம் ஷட்னர் ஒத்திகை இல்லாமலே ஏறினார். பிளம்மர் எழும்பி நிண்டு பேசின இடத்திலை அவர் இருந்து பேசினாராம். ஆள் குறைவெண்டால் சின்னப் பாத்திரம் செய்யிறவரிட்டைக் குடுங்கோ, ஷட்னரும் அதிலை இன்னொரு வேடம் செய்தவர்தான். வசனம் மட்டும் பாடமாக்கினால் காணாது. கிழமைக்கு ஒருக்கா அவரை வச்சு முழு ஓட்டம் ஓடுங்கோ, வாள் பிடிக்கிற இடங்களை ரெண்டு தரம்.