அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தில் முதல் வேலை பிடிப்பது எப்படி?

கேள்வி: தமிழ் சப்டைட்டில் வேலைக்குத் தொடர்ந்து விண்ணப்பிக்கிறேன். கனெக்ட்ஸ்தான் (விண்ணப்பிக்கச் செலவாகும் டோக்கன்) கரைகிறது. விலையைக் குறைக்கட்டுமா அண்ணா?

பதில் 1: விலையில் கை வைக்காதீர்கள் தம்பி. விண்ணப்பத்தின் முதல் இரண்டு வரிதான் வாடிக்கையாளர் பட்டியலில் தெரியும். அதில் ‘டியர் சார்’ போட்டு வீணாக்காமல், அவருடைய வீடியோவைப் பற்றியே பேசுங்கள். காட்ட மாதிரி வேலை இல்லையா? வீட்டில் ரசம் வைப்பதைப் படமெடுத்து, அதன் சப்டைட்டிலை நேரக்குறியோடு எஸ்ஆர்டி கோப்பாக்கி, போர்ட்ஃபோலியோவில் ஏற்றுங்கள். மதுரைப் பேச்சு புரியும் என்றால் அதையும் எழுதுங்கள், எல்லோருக்கும் வராது. அப்புறம், பேமென்ட் முறை சரிபார்க்கப்படாத வாடிக்கையாளர் கணக்குக்கு கனெக்ட்ஸ் செலவழிக்காதீர்கள்.

பதில் 2: ஃபைவர் என்ற இன்னொரு ஃப்ரீலான்ஸ் தளத்திலும் கடை போடுங்கள். 20% கமிஷன், 20 டாலர் வேலைக்கு 16தான் வரும்.

பதில் 3: டெலிகிராமுக்கு வா, டெபாசிட் கட்டு என்பவன் திருடன்.

கேட்டவர்: சரி அண்ணா, ரசம் இன்றைக்கே.