ஐஃபோன்ல மட்டும் ஸ்லாட் டைம் எல்லாம் "இன்வேலிட் டேட்"னு வருது, மத்த எல்லாத்துலயும் பக்காவா ஓடுது

ராக்கோழி:

வணக்கம் மக்களே. ஒரு கிளினிக்குக்கு அப்பாயின்ட்மென்ட் புக்கிங் பேஜ் பண்ணிக் குடுத்திருக்கேன், பெரிய ஃப்ரேம்வொர்க் எல்லாம் இல்ல, வெறும் ஜாவாஸ்கிரிப்ட், பின்னாடி பிஎச்பி, மைஎஸ்க்யூஎல். என் லேப்டாப்ல க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டுலயும் டைம் சரியா காட்டுது, ஆண்ட்ராய்டு போன்லயும் சரியா காட்டுது. டாக்டரம்மா வச்சிருக்கறது ஐஃபோன், கொஞ்சம் பழசு. அதுல லிஸ்ட் முழுக்க மேல இருந்து கீழ வரைக்கும் "இன்வேலிட் டேட்" மட்டும் தான் இருக்கு.

சரி, சஃபாரி தான் ஏதோ பண்ணுதுன்னு அதே போன்ல க்ரோம் போட்டுப் பாக்கச் சொன்னேன், அதுலயும் அதே கதை. அப்ப சஃபாரி மேல தப்பு இல்லன்னு தானே ஆகுது? கேஷ் எல்லாம் க்ளியர் பண்ணியாச்சு. போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு.

கோடை இங்க ஒட்டினா எல்லாம் கலைஞ்சு போகுது, அதனால வாயாலயே சொல்லிடறேன். சர்வர்ல இருந்து ஜேசான்ல (டேட்டா அனுப்பற ஒரு டெக்ஸ்ட் ஃபார்மேட்) ஸ்டார்ட் டைம் "2024-03-15 10:30:00" இப்படி வருது, மைஎஸ்க்யூஎல் குடுக்கற மாதிரியே. அதை அப்படியே நியூ டேட்டுக்குள்ள (எழுத்தைத் தேதியா மாத்தற ஜாவாஸ்கிரிப்ட் வசதி) போட்டு, வர்றதுக்கு டூ லோக்கேல் டைம் ஸ்ட்ரிங் (நேரத்தை மனுஷன் படிக்கற மாதிரி எழுதிக் குடுக்கறது) கூப்பிட்டு ஸ்க்ரீன்ல போடறேன், நடுவுல வேற ஒண்ணும் இல்ல.

இன்னொரு சின்ன சந்தேகம், இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு தெரியல. ஃபயர்ஃபாக்ஸ்ல ஸ்லாட் எல்லாம் நேர வரிசைல வருது, க்ரோம்ல டேட்டாபேஸ்ல எப்படிக் கெடக்குதோ அப்படியே வருது. வரிசைப்படுத்தற சார்ட்டுக்குள்ள "ஏ ஸ்டார்ட், பி ஸ்டார்ட்டை விடப் பெருசா"ன்னு கேட்டு அந்த பதிலை ரிட்டர்ன் பண்றேன். என்கிட்ட மேக் கெடையாது, விண்டோஸ் லேப்டாப் தான். யாராவது காப்பாத்துங்க, வெள்ளிக்கிழமை டாக்டரம்மாகிட்ட போய் நிக்கணும்.

பின்வாசல்:

ஐஃபோன்ல க்ரோம்னு நீங்க பாக்கறது மேல இருக்கற சட்டை தான் பாஸ், உள்ள ஓடறது வெப்கிட், அதாவது பேஜைப் படிச்சு ஓட்டற சஃபாரியோட எஞ்சின். ஆப் ஸ்டோர் ரூலே அப்படித்தான், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் எது போட்டாலும் இது தான். 2024ல ஐஓஎஸ் 17.4 வந்தப்ப ஐரோப்பிய யூனியன்ல மட்டும் வேற எஞ்சினுக்குக் கதவைத் திறந்து விட்டாங்க, நம்ம ஊருக்கு அது வரல. அதனால ஐஃபோன்ல ரெண்டு பிரவுசர்லயும் ஒரே தப்பு வந்தா "பிரவுசர் காரணம் இல்ல"ன்னு முடிவுக்கு வராதீங்க, ஒரே எஞ்சின்ல ரெண்டு வாட்டி டெஸ்ட் பண்ணிருக்கீங்க, அவ்ளோ தான்.

இப்ப விஷயம். அந்த டைம் ஸ்ட்ரிங்ல, அதாவது டைம் எழுதிருக்கற எழுத்துத் தொடர்ல, தேதிக்கும் நேரத்துக்கும் நடுவுல ஸ்பேஸ் இருக்கு பாருங்க, அது தான் வில்லன். ஜாவாஸ்கிரிப்ட் ஸ்டாண்டர்டுல இருக்கற ஐஎஸ்ஓ ஃபார்மேட்ல அந்த எடத்துல பெரிய எழுத்து "டி" வரணும். அந்த ஃபார்மேட்ல குடுத்தா எல்லா பிரவுசரும் ஒழுங்கா படிச்சாகணும், வேற மாதிரி குடுத்தா பிரவுசர் இஷ்டத்துக்கு என்ன வேணா பண்ணிக்கலாம்னு ஸ்டாண்டர்டே விட்டு வச்சிருக்கு. க்ரோம் தாராள மனசு, எதைக் குடுத்தாலும் ஏதாவது ஒரு அர்த்தம் கண்டுபிடிக்கப் பாக்கும். பழைய வெப்கிட் கறார், புரியலன்னா இன்வேலிட் டேட்னு கைய விரிச்சிடும். ரெண்டுமே ரூல் படி சரி தான். ஸ்பேஸை எடுத்துட்டு "டி" வச்சு ரீப்ளேஸ் பண்ணிப் பாருங்க, டைம் வந்துடும்.

ஆமைவேகம்:

சஃபாரி தான் இந்தக் காலத்து ஐஇ6 (எல்லாரையும் படுத்தின பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்). நான் க்ளையன்ட்கிட்ட க்ரோம்ல மட்டும் தான் சப்போர்ட்னு முதல்லயே எழுதி வாங்கிடுவேன், தலைவலியே இல்ல.

கல்லாப்பெட்டி:

@பின்வாசல் சொன்னது சரி, ஆனா "டி" மட்டும் போட்டு நிறுத்தினா ராக்கோழி அடுத்த குழில விழுவார். டைம் ஜோன் எழுதாத ஸ்ட்ரிங்கை எப்படிப் படிக்கணும்ங்கறதுல ஸ்டாண்டர்டே நடுவுல மனசு மாத்திக்கிச்சு. 2009ல வந்த ஈஎஸ்5, அதாவது ஜாவாஸ்கிரிப்ட் ஸ்டாண்டர்டோட அஞ்சாவது எடிஷன், ஜோன் இல்லன்னா யூடிசின்னு (உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி) எடுத்துக்கோன்னுச்சு. 2015 எடிஷன்ல, இல்ல இல்ல, தேதியும் நேரமும் சேர்ந்து இருந்தா அந்த மெஷினோட லோக்கல் டைம்னு மாத்தினாங்க. சில பிரவுசர் உடனே மாறுச்சு, சிலது மெதுவா மாறுச்சு. பழைய சஃபாரி யூடிசின்னே படிச்சிட்டு இருந்தது, அப்ப உங்க காலை 10.30 ஸ்லாட் அங்க சாயங்காலம் 4 மணின்னு காட்டும். இது இன்வேலிட் டேட்டை விட மோசம், ஏன்னா ஸ்க்ரீன்ல ஒரு நேரம் ஒழுங்கா தெரியும், யாருக்கும் சந்தேகமே வராது, பேஷன்ட் வந்து நிக்கும்போது தான் தெரியும்.

அதனால ஜாவாஸ்கிரிப்ட்ல ரீப்ளேஸ் பண்ற வேலையே வேணாம். பிஎச்பி பக்கமே சரி பண்ணுங்க. டைம் ஜோனை ஏசியா கொல்கத்தான்னு செட் பண்ணிட்டு, டேட் ஃபங்ஷனுக்கு ஃபார்மேட்டா சின்ன "சி" ஒண்ணு குடுத்தா போதும், கடைசில +05:30 ஒட்டி முழு ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்கா குடுத்துடும். அந்த +05:30 இருந்தா எந்த பிரவுசரும் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்ல.

காட்டற பக்கமும் ஒண்ணு பாருங்க. அமெரிக்கால இருக்கற புள்ளைங்க ஊர்ல இருக்கற அப்பா அம்மாவுக்கு புக் பண்றது இப்ப சகஜம். அவங்க லேப்டாப்ல திறந்தா டூ லோக்கேல் டைம் ஸ்ட்ரிங் அந்த ஊர் நேரத்தைக் காட்டும். ஆப்ஷன்ஸ்ல டைம் ஜோன் ஏசியா கொல்கத்தான்னு குடுத்துடுங்க, எங்க இருந்து பாத்தாலும் கிளினிக் நேரம் வரும்.

இதே வகையறால இன்னொன்னு, வெறும் தேதி மட்டும், "2024-03-15"னு குடுத்தா அது இப்பவும் யூடிசி ராத்திரி 12 மணி தான், இதுல எல்லா பிரவுசரும் ஒத்துப்போகுது. நம்ம ஊர்ல அது அதே நாள் காலை 5.30ன்னு ஆகறதால யாரும் கவனிக்கறதே இல்ல. நியூ ஜெர்சில திறந்தா 14ஆம் தேதி ராத்திரி 8 மணி. ஒரு நாள் முன்னாடி! பேஷன்ட் பொறந்த தேதி ஏதாவது வாங்கறீங்கன்னா அதை டேட்டா மாத்தவே மாத்தாதீங்க, ஸ்ட்ரிங்காவே வச்சுக்கோங்க. அப்புறம் நம்மாளுங்க எழுதற மாதிரி நாள் முன்னாடி போட்டு "05-03-2024"ன்னு குடுத்தா க்ரோம் அதை மே 3ன்னு எடுத்துக்கும், எர்ரர் எதுவும் சொல்லாது. அந்தத் தாராள மனசால எத்தனை பேர் மாட்டிருக்காங்கன்னு கணக்கே இல்ல.

பின்வாசல்:

@கல்லாப்பெட்டி நச். +05:30 தான் சரியான வழி, நான் சொன்னது ஒட்டுப்போடற வேலை தான்.

@ராக்கோழி உங்க சார்ட் பிரச்சனை தனிக்கதை. சார்ட்டுக்குள்ள குடுக்கற ஃபங்ஷன் மைனஸ், பூஜ்யம், ப்ளஸ்னு மூணு விதமா பதில் சொல்லணும். நீங்க உண்மை, பொய்னு ரெண்டே பதில் குடுக்கறீங்க, அது 1, 0ன்னு ஆகுது, மைனஸ் வரவே வராது. க்ரோம் 70 வரைக்கும் பத்து ஐட்டம் இல்ல அதுக்குக் கீழ இருந்தா வேற ஒரு சின்ன அல்காரிதம் ஓடும், அதுல உங்க கோடு தப்பிச்சிருக்கும். 70ல இருந்து டிம்சார்ட்ங்கற வேற அல்காரிதத்துக்கு மாத்திட்டாங்க. அது பக்கத்துப் பக்கத்து ஐட்டத்தைக் கேட்டுட்டே போகும், எங்கயுமே மைனஸ் வரலன்னா "ஏற்கனவே வரிசையாத்தான் இருக்கு"ன்னு முடிவு பண்ணி அப்படியே திருப்பிக் குடுத்துடும். ஃபயர்ஃபாக்ஸ்ல இருக்கற மெர்ஜ் சார்ட்ங்கற அல்காரிதம் பூஜ்யத்தை விடப் பெருசான்னு மட்டும் பாக்கறதால உங்க கோடு பிழைச்சுக்குது. சின்னதுக்கு மைனஸ் 1, பெருசுக்கு 1, சமம்னா 0ன்னு எழுதிடுங்க. ஒரே ஆஃப்செட்ல (கடைசில வர்ற அந்த +05:30) வர்ற ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்கை ஸ்ட்ரிங்காவே கம்பேர் பண்ணலாம், டேட்டா மாத்தத் தேவையில்ல.

@ஆமைவேகம் இந்த சார்ட் விஷயத்துல மாட்டினது க்ரோம் பாஸ், சஃபாரி இல்ல. கிளினிக்குக்கு வர்ற பேஷன்ட்கிட்ட எல்லாம் போய் எழுதி வாங்குவீங்களா?

ஆமைவேகம்:

அப்படி இல்ல ப்ரோ, பத்துல எட்டு வாட்டி பிரச்சனை குடுக்கறது அந்த ஒரு பிரவுசர் தானே, அதைச் சொன்னேன்.

கல்லாப்பெட்டி:

க்ரோம்ல எழுதி க்ரோம்ல டெஸ்ட் பண்ணா மத்ததுல தானே ஒடையும். 2023ல க்ரோம் 110 வந்தப்ப என்ன ஆச்சு? டூ லோக்கேல் டைம் ஸ்ட்ரிங் குடுக்கற "10:30 ஏஎம்"ல இருந்த சாதா ஸ்பேஸ், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாத வேற ஒரு யூனிகோட் ஸ்பேஸா மாறிடுச்சு, ஸ்பேஸ் வச்சு வெட்டி எடுத்துட்டு இருந்த கோடு எல்லாம் படுத்துடுச்சு. அப்புறம் அவங்களே பழைய ஸ்பேஸுக்குத் திரும்பிட்டாங்க. லோக்கேல்ல வர்ற ஸ்ட்ரிங் மனுஷன் படிக்கறதுக்கு, அதைத் திரும்ப வெட்டி கோடு எழுதறவங்களை எந்த பிரவுசரும் காப்பாத்தாது.

ராக்கோழி:

அய்யோ ரொம்ப நன்றி எல்லாருக்கும். பிஎச்பில மாத்தினேன், டாக்டரம்மா போன்ல டைம் கரெக்டா வருது, க்ரோம்ல வரிசையும் வந்துடுச்சு. ஆனா கதை முடியல. ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணோடது ஐஃபோன் 7, அதுல புக்கிங் பேஜ் திறந்தா மேல ஹெடர் மட்டும் வருது, கீழ சுத்தமா வெள்ளை. இன்வேலிட் டேட் கூட இல்ல, ஒண்ணுமே இல்ல. மேக் இல்லாம ஐஃபோனோட கன்சோல், அதாவது எர்ரர் மெசேஜ் எல்லாம் வர்ற எடம், எப்படிப் பாக்கறது?

நடுப்பக்கம்:

ஐஃபோன் 7ன்னு படிச்சதுமே உள்ள வந்தேன். அந்த மாடல் ஐஓஎஸ் 15ஓட நின்னுடுச்சு, 6எஸ்ஸும் மொதல் எஸ்இயும் அப்படித்தான். ஐஃபோன்ல சஃபாரியை மட்டும் தனியா அப்டேட் பண்ண முடியாது, ஓஎஸ் கூட தான் வரும், அதனால அந்த போன் ஆயுசுக்கும் பழைய எஞ்சின் தான்.

கன்சோல் வேணும்னா, மத்த எல்லா ஸ்கிரிப்ட்டுக்கும் முன்னாடி தனி ஸ்கிரிப்ட் டேக் ஒண்ணு வைங்க, அதுல விண்டோ ஆன் எர்ரர் (பேஜ்ல எர்ரர் வந்தா பிரவுசர் கூப்பிடறது) புடிச்சு மெசேஜ், ஃபைல் பேரு, லைன் நம்பர் மூணையும் பேஜ்லயே எழுதற மாதிரி. அதே ஃபைல்ல வச்சா பிரயோஜனம் இல்ல, ஏன்னா சின்டாக்ஸ் எர்ரர்னா, அதாவது கோடு எழுதின விதமே பிரவுசருக்குப் புரியலன்னா, அந்த ஃபைல்ல ஒரு வரி கூட ஓடாது, எர்ரரைப் புடிக்கற ட்ரை கேட்ச் போட்டாலும் புடிக்காது. முழு வெள்ளையா வருதுன்னா அநேகமா சின்டாக்ஸ் எர்ரர் தான்.

என் சந்தேகம் ரெகெக்ஸ் (எழுத்துல ஒரு பேட்டர்னைத் தேடற குறியீடு) மேல. லுக்பிஹைண்ட், அதாவது முன்னாடி என்ன இருக்குன்னு பாக்கற வசதி, கேள்விக்குறி, லெஸ் தேன், ஈக்வல்னு அடைப்புக்குறிக்குள்ள ஆரம்பிக்கறது, எங்கயாவது இருக்கான்னு எல்லா ஃபைல்லயும் தேடுங்க. ஈக்வலுக்கு பதிலா ஆச்சரியக்குறி வச்சும் வரும், அதையும் சேத்துத் தேடுங்க. க்ரோம்ல 2017லயே வந்துடுச்சு, ஃபயர்ஃபாக்ஸ்ல 2020ல, சஃபாரில 2023 மார்ச்ல 16.4 வந்தப்ப தான். நீங்க எழுதலன்னாலும் வெளில இருந்து எடுத்த ஏதாவது ப்ளகின்ல இருக்கும். புது கோடைப் பழைய பிரவுசருக்கு ஏத்த மாதிரி மாத்தற பேபெல் இதை மாத்திக் குடுக்காது, அந்த நம்பிக்கைல இருக்காதீங்க.

விண்டோஸ்ல வெப்கிட் டெஸ்ட் பண்ண ப்ளேரைட்ங்கற டெஸ்டிங் டூல் இறக்கிக்கோங்க, வெப்கிட் பில்டும் கூட வரும், காசு இல்ல. ஆனா அது புது வெப்கிட், ஐஃபோன் 7 பிரச்சனை அதுல தெரியாது.

ராக்கோழி:

லுக்பிஹைண்டே தான்! போன் நம்பரை அஞ்சு அஞ்சா பிரிச்சுக் காட்டறதுக்கு ஒரு குட்டி ப்ளகின் போட்டிருந்தேன், அதுக்குள்ள இருந்தது. தூக்கிட்டு சப்ஸ்ட்ரிங்ல ரெண்டு வரில எழுதிட்டேன், ஐஃபோன் 7ல பேஜ் திறக்குது, ஸ்லாட் டைமும் சரியா வருது. அந்த எர்ரர் காட்டற ஸ்கிரிப்ட்டை லைவ்லயே விட்டு வைக்கலாமா இல்ல எடுத்துடணுமா?

நடுப்பக்கம்:

ஸ்க்ரீன்ல எழுதறதை எடுத்துடுங்க, பேஷன்ட் பயந்துடுவாங்க. அதுக்கு பதிலா அதே மெசேஜை உங்க சர்வருக்கு அனுப்பி ஒரு டேபிள்ல போட்டு வைங்க, யூசர் ஏஜென்ட்டையும் (என்ன பிரவுசர், என்ன ஓஎஸ்னு சொல்ற வரி) சேத்து. அடுத்த வாட்டி ரிசப்ஷன்ல இருந்து போன் வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கே தெரிஞ்சிடும்.