தோர்தோன், லோத் பக்கம் சைக்கிளில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நண்பர்களே, செப்டம்பர் தொடக்கத்தில் நானும் மனைவியும் தென்மேற்கு பிரான்ஸில் சைக்கிளில் சுற்றப் போகிறோம். பாரிஸிலிருந்து பிரீவ் வரை ரயில், சைக்கிளுக்கும் சேர்த்தே முன்பதிவு செய்தாயிற்று. அங்கிருந்து சார்லா, தோம், ரோக்கமதூர், ஃபிஜாக், சான் சீர் லபோப்பி, கடைசியாக கஓர்.

கவலையெல்லாம் ஏற்றத்தில்தான். ஆல்ப்ஸ் மாதிரி மணிக்கணக்கில் ஏற வேண்டியதில்லை, ஆனால் ஆற்றுக்கு இறங்கு, மறுபடி மேட்டுக்கு ஏறு என்று நாள் முழுக்க அதே வேலை. 1281இல் எழுந்த கோட்டை ஊரான தோம், தோர்தோன் ஆற்றிலிருந்து சுமார் 150 மீட்டர் உயரத்தில் பாறை விளிம்பில் நிற்கிறது, பைகளோடு அதை மிதித்தே ஏற வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. சங்கிலி ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் சிறியது 34 பல், பின்னால் பெரியது 32 பல், ஆளுக்கு 15 கிலோ சுமை. இது போதுமா, இல்லை பின்னால் 40 பல் போட்டுவிடலாமா?

அப்புறம் தண்ணீர். ரோக்கமதூருக்கும் ஃபிஜாக்குக்கும் நடுவே சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம், மழைநீர் அப்படியே பூமிக்குள் இறங்கிவிடும், ஓடை என்று ஒன்றைப் பார்ப்பதே அரிது. கல்லறைத் தோட்டத்துக் குழாய்களில் பிடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள், நீங்கள் அப்படிச் செய்ததுண்டா? திங்கட்கிழமை சின்ன ஊர்களில் ரொட்டிக் கடையாவது திறந்திருக்குமா?

லோத் ஆற்றோரம் வண்டி நெரிசல் குறைந்த கரை எது என்று தெரிந்தாலும் சொல்லுங்கள். வழித்தடக் கோப்பு வைத்திருப்பவர்கள் பகிர்ந்தால் பெரிய உதவி.