லோகோவில் எழுத்தை ஆங்கிலத்துக்கு மாற்றினால் ஒட்டவே இல்லை, அவசர உதவி

பனிமட்டை:
வணக்கம். ஒரு அணியின் லோகோவில் எழுத்தை மட்டும் ஆங்கிலமாக்கிக்கொண்டிருக்கிறேன். பழைய எழுத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினேன். எந்த ஃபான்ட் போட்டாலும் மேலே ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கிறது. நாளைக்குள் முடிக்க வேண்டும். எந்த ஃபான்ட் பொருந்தும்?

நுனிக்கோடு:
எந்த அணி? மூல எழுத்து ரஷ்யனா, அரபியா, ஜப்பானியமா? அரபி என்றால் வலமிருந்து இடமாக, எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும். அதற்கு வழியே வேறு. எந்த மென்பொருள்? கையில் இருப்பது வெக்டரா (கோடுகளாகவே சேமித்தது), பிஎன்ஜியா (புள்ளிகளால் ஆன படம்)?

மெய்யெழுத்து:
இது கெர்னிங் (எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைச் சரிசெய்வது) பிரச்சினைதான், சந்தேகமே வேண்டாம். தட்டின எழுத்துகளுக்கு நடுவே ஃபான்ட் விடும் இடைவெளி லோகோவுக்குப் பெரும்பாலும் அதிகம். இறுக்கிப் பாருங்கள்.

கல்வெட்டு:
'எந்த ஃபான்ட்' என்று கேட்பதிலேயே அடிப்படை தெரியவில்லை என்று புரிகிறது. ஃபான்ட் என்பது எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வந்தாலும் பொருந்தும்படி செய்தது. லெட்டரிங் அந்த ஒரு சொல்லுக்காகவே வரைவது. பெரும்பாலான லோகோக்களில் இருப்பது இரண்டாவது வகை. இதைப் பலமுறை எழுதிவிட்டேன். பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்து கேளுங்கள்.

வளைகோடு:
எனக்கு பார்டர் மேல்தான் சந்தேகம். மூல எழுத்தைச் சுற்றி இரண்டு மூன்று அடுக்குக் கோடு இருந்திருக்கும். புது எழுத்துக்கும் அதே தடிமனில் ஆஃப்செட் (விளிம்பைச் சுற்றி வெளியே தள்ளி வரும் கோடு) கொடுத்தீர்களா?

பனிமட்டை:
செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எஸ்கேஏ, ஐஸ் ஹாக்கி. இங்க்ஸ்கேப். படம் பிஎன்ஜிதான், சின்னது.

நுனிக்கோடு:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும். அந்த அணியின் நட்சத்திர லோகோவில் இருப்பது மூன்றே எழுத்து. ரஷ்ய கே, ஏ இரண்டுக்கும் ஆங்கிலத்திலும் அதே வடிவம்தான். முதல் எழுத்து மட்டும் பார்வைக்கு சி, ஒலிக்கு எஸ். ஆக மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. மற்ற இரண்டையும் ஏன் அழித்தீர்கள்? அவை மூலத்தில் இருந்தபடியே இருக்கட்டும்.

எஸ்ஸை அந்த சியிலிருந்தே எடுக்கலாம். சியின் மேல்பாதி வளைவை முனையோடு வெட்டி எடுத்து உயரத்தைக் குறையுங்கள். அமுக்கும்போது கிடைக்கோடு மெலிந்துவிடும், அதைப் பழைய தடிமனுக்குக் கொண்டுவர வேண்டும். அதை நகலெடுத்து 180 பாகை திருப்பினால் கீழ் வளைவு வந்துவிடும். இரண்டையும் இணைக்கும் சாய்ந்த நடுத்தண்டை நீங்களே வரைய வேண்டும், வேலை முழுக்க அங்கேதான். மேல் வளைவு கீழ் வளைவைவிட ஒரு இழை சின்னதாக இருக்கட்டும், இரண்டும் சமமாக இருந்தால் தலைகனத்துத் தெரியும். வளைவு மேலும் கீழும் கேயின் உயரத்தைத் துளி தாண்ட வேண்டும். அப்போதுதான் கண்ணுக்கு ஒரே உயரமாகத் தெரியும்.

சின்ன பிஎன்ஜியை ஆட்டோ டிரேஸ் (மென்பொருளே படத்தைக் கோடாக மாற்றுவது) செய்யாதீர்கள், விளிம்பெல்லாம் நெளியும். அடியில் வைத்து பென் டூலில் வரையுங்கள்.

மெய்யெழுத்து:
சியைவிட எஸ் அகலம் குறைவு. அதனால் கடைசியில் இடைவெளியைத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். நான் சொன்ன கெர்னிங் இதுதான்.

சிவப்பங்கி:
எதற்கு மாற்ற வேண்டும் என்றே எனக்குப் புரியவில்லை. கனடாவின் ஐஸ் ஹாக்கி அணி மாண்ட்ரீல் கனடியன்ஸின் சின்னம் பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்ததுதான். சிக்குள் எச், எச் என்றால் ஹாபிடன்ட்ஸ். அதை யாராவது ஆங்கிலமாக்குகிறார்களா?

கல்வெட்டு:
தவறு. அணியின் பெயர் 'கிளப் தெ ஹாக்கி கனடியன்'. எச் என்பது ஹாக்கி. ஹாப்ஸ் என்ற செல்லப்பெயரை வைத்துப் பலரும் இப்படியே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சிவப்பங்கி:
சரி, எச் ஹாக்கியாகவே இருக்கட்டும். என் கேள்வி அது இல்லையே. ஒரு ஊரின் சின்னத்தில் அந்த ஊர் எழுத்து இருப்பதுதான் அழகு.

வளைகோடு:
பயிற்சிக்காகச் செய்கிறவரை எதற்குத் தடுக்க வேண்டும்? மூலத்தை வரைந்தவர் ஒவ்வொரு முனையையும் ஏன் அப்படி வெட்டினார் என்பது மாற்றிப் பார்க்கும்போதுதான் பிடிபடும். இன்னொரு ரஷ்ய அணியான மாஸ்கோ டைனமோவின் சின்னத்தைப் பாருங்கள். அதில் இருப்பது ரஷ்யக் கையெழுத்துப் பாணி டி, ஆங்கில டி (D) போலவே இருக்கும். அதைக் கையில் எடுத்தால் மாற்றவே ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிடும். அதுவும் ஒரு பாடம்தான்.

சிவப்பங்கி:
பயிற்சி என்று அவர் எங்கே சொன்னார்? விற்பனைக்கு என்றால் அணியின் வணிகச் சின்ன உரிமை குறுக்கே வரும்.

பனிமட்டை:
பயிற்சிதான். முதல் எழுத்தை மட்டும் மாற்றினேன், பொருந்திவிட்டது. எஸ் முனையில் பார்டர் மட்டும் கூராக வெளியே நீள்கிறது. நன்றி.

நுனிக்கோடு:
அது மைட்டர் ஜாயின், அதாவது மூலையில் கோடுகள் கூராகச் சேர்வது. ஸ்ட்ரோக் ஸ்டைலில் மைட்டர் லிமிட்டைக் குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஜாயினை பெவலாக (கூர்முனையை வெட்டிய மூலையாக) மாற்றுங்கள். ஆனால் கே, ஏ மூலைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மூன்றுக்கும் ஒரே ஜாயின்தான் இருக்க வேண்டும்.