பெல்லட் ஸ்டவ்: கண்ணாடி கறுக்குது, கட்டி புடிக்குது. டன்னுக்கு 80 டாலர் கூட குடுத்து ப்ரீமியம் வாங்குறது தேறுமா?

நாஷுவா_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நியூ ஹாம்ப்ஷயர்ல நாஷுவா பக்கம் வீடு வாங்கி இது முதல் குளிர்காலம். ஹால்ல பழைய ஓனர் விட்டுட்டுப் போன பெல்லட் ஸ்டவ் (மரத்தூளை அழுத்திக் கட்டுன சின்ன உருளைகளை எரிக்கிற அடுப்பு) ஒண்ணு இருக்கு, பேஸ்மென்ட்ல ஆயில் பர்னர். ஆயில் பில்லைப் பாத்துட்டு முடிஞ்ச வரைக்கும் ஸ்டவ்லயே ஓட்டிடலாம்னு ஒரு டன் பெல்லட் எடுத்தேன். 40 பவுண்டு பை, மொத்தம் 50, பை 6.60 வீதம் டன் 330 டாலர். பையில பெரிய எழுத்துல ப்ரீமியம்னு தான் அடிச்சிருக்கு.

இப்ப பிரச்சனை என்னன்னா சாயங்காலம் பத்த வச்சா காலையில கண்ணாடி முழுக்க கரி, உள்ள நெருப்பே தெரியல. ஜுவாலை ஆரஞ்சு கலர்ல உயரமா சோம்பலா ஆடுது, நுனியில கறுப்புப் புகை. பர்ன் பாட் (பெல்லட் எரியிற கிண்ணம்) அடியில கல்லு மாதிரி ஒரு கட்டி, ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்புனா தான் வருது. கடையில கேட்டா "அந்த பெல்லட் சரியில்ல, சூப்பர் ப்ரீமியம் எடுங்க"ங்கிறாங்க, அது டன் 410. சீசனுக்கு 3 டன் ஆகும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க, அப்ப 240 டாலர் கூடுதல். அவ்ளோ குடுத்தா அந்த அளவுக்கு சூடும் கூட வருமா, இல்ல பேருக்குத் தான் ப்ரீமியமா? வீட்ல கைக்குழந்தை இருக்கு, அதனால புகை விஷயமும் கவலையா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெர்மான்ட்_பெரியவர்:
தம்பி, முதல்ல குழந்தை விஷயம். கார்பன் மோனாக்சைடு (வாசனையே இல்லாத விஷவாயு) அலாரம் ஸ்டவ் இருக்கிற மாடியிலயும் நீங்க படுக்கிற ரூம் பக்கத்துலயும் இருக்கா, பேட்டரி நல்லா இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. அது இல்லாம ராத்திரி ஸ்டவ்வ ஓட விடாதீங்க.

அடுத்தது, நீங்க சொல்றது ரெண்டு தனித்தனி விஷயம், கடைக்காரர் ரெண்டையும் பெல்லட் தலையில கட்டிட்டார். சோம்பலா ஆடுற ஜுவாலை, நுனியில புகை, கரி புடிச்ச கண்ணாடி, இது மூணும் சேந்து வந்தா நெருப்புக்கு காத்து பத்தலன்னு அர்த்தம். உள்ள சாம்பல் அடைச்சிருந்தா 410 டாலர் பெல்லட் போட்டாலும் இதே கரி தான் வரும். பழைய ஓனர் எப்ப கடைசியா கிளீன் பண்ணாரோ யாருக்குத் தெரியும்.

நல்லா ஆறின பிறகு ப்ளக்கைப் புடுங்கிட்டு ஆரம்பிங்க. பர்ன் பாட்டைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாருங்க, ஓட்டை எல்லாத்துலயும் வெளிச்சம் தெரியணும், தெரியலன்னா ட்ரில் பிட்டை கையால திருகி குத்தி விடுங்க. நெருப்பு எரியிற அறைக்கு பின்பக்கம் ஒரு தகடு, இல்ல செங்கல் மாதிரி பேனல் இருக்கும், அதுக்குப் பின்னாடி தான் சாம்பல் போயி ஒளிஞ்சுக்கும், நிறைய பேருக்கு அப்படி ஒரு இடம் இருக்கிறதே தெரியாது. அப்புறம் எக்ஸாஸ்ட் புளோயர் (புகையை வெளிய தள்ளுற ஃபேன்) இறக்கை, வெளிய போற பைப், பைப் திரும்புற இடத்துல T வடிவ ஜாயின்ட்ல இருக்கிற டீ மூடி. வெளிக்காத்து உள்ள வர்ற குழாய் வாயில வலை இருந்தா அதுல இலையோ எலிக்கூடோ இருக்கான்னும் பாருங்க. கதவு கேஸ்கெட்டுக்கு (ஓரத்துல காத்து புகாம அடைக்கிற பட்டை) ஒரு டாலர் நோட்டை நடுவுல வச்சு கதவைச் சாத்தி இழுங்க, லேசா உருவிட்டு வந்தா கேஸ்கெட் போச்சு. வீட்டு வேக்கம் கிளீனரை மட்டும் போட்டுடாதீங்க, பொடி சாம்பல் ஃபில்டர் வழியா வீடு பூரா பறக்கும், உள்ள கங்கு இருந்தா தீயே புடிச்சுக்கும். சாம்பலுக்குன்னு தனி வேக்கம் விக்குது, அத வாங்கிக்கோங்க.

இத முடிச்சிட்டு இப்ப இருக்கிற அதே பெல்லட்டைப் போட்டுப் பாருங்க. அப்பவும் கட்டி புடிச்சா பெல்லட்டைப் பத்திப் பேசலாம்.

வூஸ்டர்_அக்கா:
அவர் சொன்னத செஞ்சிடுங்க, நான் காசுக் கணக்கை மட்டும் சொல்றேன். காஞ்ச மரம் எந்த மரமா இருந்தாலும் பவுண்டுக்கு வர்ற சூடு கிட்டத்தட்ட ஒண்ணு தான், பெல்லட்னா ஏறக்குறைய 8000ல இருந்து 8500 பிடியூ (சூட்டை அளக்கிற அலகு). சுமாரான பெல்லட்டுக்கும் ரொம்ப நல்ல பெல்லட்டுக்கும் 5 சதவீதம் வித்தியாசம்னே வச்சுக்குவோம், உங்க 330 டாலர்ல 5 சதவீதம்னா 16, 17 டாலர். அதாவது சூட்டுக்காக மட்டும்னா நீங்க 347 வரைக்கும் குடுக்கலாம், அதுக்கு மேல குடுக்கிற 63 டாலரும் சுத்தத்துக்குக் குடுக்கிற காசு. சாம்பல் கம்மி, கட்டி கம்மி, ஸ்டவ்வ அடிக்கடி நிறுத்த வேண்டாம், ஆகர் (பெல்லட்டை உள்ள தள்ளுற திருகு) சிக்காது. இது உங்களுக்கு 63 டாலர் பெறுமான்னு தான் கேள்வி. சாயங்காலம் நாலு மணி நேரம் மட்டும் எரிக்கிற வீட்டுக்குப் பெறாது. பகலும் ராத்திரியும் ஸ்டவ் ஓடுற வீடு, ஜனவரியில ராத்திரி ரெண்டு மணிக்கு கட்டி அடைச்சு நெருப்பு அணைஞ்சு குழந்தையோட எந்திரிக்கணும்னா, கண்டிப்பா பெறும்.

இன்னொண்ணு, பையில ப்ரீமியம்னு அடிச்சிருக்கிறத வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது, அத யாரு வேணா அடிக்கலாம். பெல்லட் ஃபியூயல்ஸ் இன்ஸ்டிடியூட்டோட தரமுத்திரை இருக்கான்னு பாருங்க, சுருக்கமா பிஎஃப்ஐ. அதுல ப்ரீமியம்னா சாம்பல் 1 சதவீதத்துக்குள்ள, ஸ்டாண்டர்ட் 2 வரைக்கும், யுட்டிலிட்டி 6 வரைக்கும். ஈரப்பதம் ப்ரீமியத்துக்கு 8 சதவீதம் தான் உச்சம். 2015ல அமெரிக்க சுற்றுச்சூழல் துறை இபிஏ கொண்டு வந்த விறகு அடுப்பு விதியிலயும் புது ஸ்டவ்வுக்கு இந்த மாதிரி தரச்சான்று உள்ள பெல்லட் தான்னு இருக்கு.

மெயின்_மரவேலை:
இங்க எல்லாரும் சொல்றது ஹார்ட்வுட் பெல்லட் மட்டும் வாங்குங்கன்னு தான். ஓக், மேப்பிள்னு போட்டிருந்தா கண்ண மூடிட்டு எடுக்கலாம். பைன் போட்டா பிசின் புடிச்சு சிம்னி அடைக்கும்.

வெர்மான்ட்_பெரியவர்:
அது கட்டை விறகுக்குப் பொருந்துற பேச்சு தம்பி. ஒரே அளவு கட்டைய எடுத்தா ஓக் கனம் கூட, அதனால சூடும் கூட. பெல்லட்ல எல்லாத்தையும் தூளாக்கி அழுத்தியே கட்டுறாங்க, கன வித்தியாசம் அங்கயே போயிடுது. எடைக்கு எடை பாத்தா பிசின் இருக்கிறதால சாஃப்ட்வுட் ஒரு படி கூடவே சூடு தரும், மேற்கு மாநிலங்கள்ல டக்ளஸ் ஃபர் பெல்லட்டுக்கு கூட விலை குடுத்து தேடி வாங்குறாங்க. சிம்னியில பிசின் படியிறதுக்கு ஈர விறகு, மந்தமான நெருப்பு இது தான் காரணம். நல்லா காய வச்சு, புளோயர் காத்தோட எரியிற பெல்லட்ல அந்த பயம் வேண்டாம். மரத்தோட பேரை விட பட்டை எவ்ளோ சேத்திருக்காங்க, மண்ணு எவ்ளோ ஒட்டியிருக்குங்கிறது தான் முக்கியம். பட்டையில தான் சாம்பல் கூட, மண்ணுல இருக்கிற சிலிக்காவும் பட்டையில இருக்கிற பொட்டாசியமும் சேந்தா சாம்பல் சீக்கிரமே உருகிடும். உருகி ஆறினா கொல்லன் உலையில வர்ற கிட்டம் மாதிரி இறுகிக்கும், அவர் ஸ்க்ரூடிரைவர்ல நெம்புறது அதத்தான்.

சுவிஸ்_அண்ணை:
நான் இஞ்ச சுவிஸில, எங்கட வீட்டில அடுப்பு இல்லை, நிலக்கீழ் அறையில பெல்லட் பொய்லர். இஞ்ச ஈஎன்ப்ளஸ் ஏ1 எண்ட ஐரோப்பியத் தரமுத்திரையைப் பாத்துத்தான் எல்லாரும் எடுக்கிறது. அதில சாம்பல் 0.7 வீதத்துக்கு மேல போகக்கூடாது, சாம்பல் உருகத் தொடங்கிற வெப்பநிலை 1200 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது எண்டும் இருக்கு. உங்கட அமெரிக்க முத்திரையில சாம்பல் எவ்வளவு எண்டு தான் பாக்கினம், எத்தினை டிகிரியில உருகும் எண்டதுக்கு எல்லை வைக்கேல்லை, அதால முத்திரை இருக்கிற பையிலயும் சிலநேரம் கட்டி வரும். அங்க ஈஎன்ப்ளஸ் இல்லாட்டி கனடாவின்ர கான்ப்ளஸ் முத்திரை இருக்கிற பை கிடைச்சா எடுத்துப் பாருங்கோ, அதுவும் இந்த முறையிலதான் போகுது.

இன்னுமொண்டு சொல்ல வேணும். பெல்லட் சும்மா கிடக்கேக்கயே கார்பன் மோனாக்சைடு விடும். எங்கள மாதிரி அறை நிறைய கொட்டி வைக்கிற ஆக்கள் கதவைத் திறந்து வடிவாக் காத்துப் போக விட்டிட்டுத்தான் உள்ள போவம். ஐரோப்பாவில இதால ஆக்கள் செத்துமிருக்கினம். உங்களுக்குப் பையில இருக்கிறதால பயம் குறைவு, எண்டாலும் பிள்ளை படுக்கிற அறைக்குப் பக்கத்தில அடுக்காதேங்கோ.

நாஷுவா_வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அலாரம் ஒண்ணு இருந்துச்சு, பெட்ரூம் பக்கம் இன்னொண்ணு மாட்டிட்டேன். கிளீனிங் முடிஞ்சது. பெரியவர் சொன்ன பின் தகட்டைக் கழட்டினதும் மாவு மாதிரி சாம்பல் கொட்டிச்சு பாருங்க, ஒரு பக்கத்து வழி முழுசா அடைச்சே இருந்திருக்கு. டீ மூடியிலயும் ஒரு சின்ன வாளி அளவுக்கு. கேஸ்கெட் நோட்டை நல்லா புடிக்குது. இப்ப அதே 330 டாலர் பெல்லட்ல ஜுவாலை குட்டையா, மஞ்சளா வெள்ளையா, துடிப்பா நிக்குது. கண்ணாடியில கரி இல்ல, காலையில லேசா சாம்பல் பூத்த மாதிரி இருக்கு, ஈரத்துணியில துடைச்சா போயிடுது. ரூமும் முன்ன விட சீக்கிரம் சூடாகுது.

ஆனா கட்டி இன்னும் வருது. சின்னதாயிடுச்சு, ஆனா ஒரு பை எரிச்சு முடிக்கிறதுக்குள்ள பர்ன் பாட் அடியை அடைச்சிடுது. அப்ப இது பெல்லட் தானே?

வூஸ்டர்_அக்கா:
ஆமா, இப்ப பெல்லட் மேல சந்தேகப்படலாம். ஆனா உடனே 3 டன் மாத்தாதீங்க. சுத்துவட்டாரத்துல முத்திரை இருக்கிறதா ரெண்டு வகை பாத்து வகைக்கு 5 பை மட்டும் வாங்குங்க. ஒரு பையை வச்சு முடிவு கட்டாதீங்க, ஹாப்பர்ல (பெல்லட் கொட்டி வைக்கிற தொட்டி) பழசு கொஞ்சம் கிடக்கும், பைக்குப் பைக்கும் மாறும். ஒவ்வொரு வகைக்கும் முன்னாடி ஸ்டவ்வ காலி பண்ணி சுத்தம் பண்ணிட்டு, 5 பை முடிஞ்சதும் சாம்பலையும் கட்டியையும் சேத்து எடை போடுங்க. 5 பைன்னா 200 பவுண்டு, 1 சதவீதம்னா 2 பவுண்டு சாம்பல். பைப்ல கொஞ்சம் போயிடும், பரவால்ல, எல்லா வகைக்கும் அதே மாதிரி தான் போகும். காலி பையோட அடியில தேங்குற தூளையும் பாருங்க. மில்லுல அரை சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு கணக்கு, லாரியில ஏத்தி இறக்கி வரும்போது கூடும். தூள் நிறைய இருந்தா ஆகர்ல சிக்கும், ஹாப்பர்ல பாலம் கட்டி கீழ இறங்காம நிக்கும்.

வெர்மான்ட்_பெரியவர்:
எடை போடும்போது ஃபீட் செட்டிங்கையும் (பெல்லட் எவ்ளோ உள்ள போகணும்ங்கிற அளவு) கவனிங்க. ஆகர் எடையைப் பாத்துத் தள்ளுறது கிடையாது, கொள்ளளவு தான். குட்டையான பெல்லட் நெருக்கமா நிக்கும், அதே செட்டிங்ல பவுண்டு கூட உள்ள போகும். அதப் பாத்துட்டு "புது பெல்லட் சூடு அதிகம்"னு நினைச்சுடுவாங்க, பை சீக்கிரம் காலியாகிறது அப்புறம் தான் தெரியும். ஜுவாலையைப் பாத்து காத்து அளவை மாத்துற டேம்பரையும், பெல்லட் அளவை கொஞ்சம் கூட்டிக் குறைக்கிற ஃபீட் ட்ரிம்மையும் ஒவ்வொரு வகைக்கும் சரி பண்ணிட்டு பாருங்க.

நாஷுவா_வாசி:
டெஸ்ட் முடிச்சிட்டேன், வகைக்கு 5 பை. 330 டாலர் பெல்லட்ல சாம்பல் கட்டி எல்லாம் சேத்து 2.3 பவுண்டு, பைக்கு ஒரு தடவை நெம்ப வேண்டியிருந்துச்சு. 410 டாலர்ல 0.9 பவுண்டு, கட்டி சுத்தமா இல்ல, பொடியா உதிருது. மூணாவதா ஒரு சின்ன கடையில பிஎஃப்ஐ முத்திரையோட சாஃப்ட்வுட் பெல்லட் கிடைச்சுது, டன் 360. அதுல 1.1 பவுண்டு, கட்டி எப்பவாவது ஒரு சில்லு மாதிரி, விரல்ல அமுக்குனா நொறுங்குது. ஹால் தெர்மாமீட்டர்ல மூணுக்கும் வித்தியாசம் சொல்ற மாதிரி இல்ல, அக்கா போட்ட கணக்கு அப்படியே சரி.

அதனால 360 டாலர்ல 2 டன் சொல்லிட்டேன். கையில இருக்கிற பழைய பைகளை என்ன பண்றது, ரெண்டையும் கலந்து போடலாமா?

வெர்மான்ட்_பெரியவர்:
கலக்க வேண்டாம். ஜுவாலை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், எந்த செட்டிங்கும் நிக்காது. நல்லத டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வச்சுக்கோங்க, பழசை மார்ச், ஏப்ரல்ல சாயங்காலத்துக்கு மட்டும் எரிங்க, அப்ப மறுநாள் ஆறினதும் பாட்டைத் தட்டி விடலாம், அவசரம் இருக்காது. சாம்பலை மூடி போட்ட தகர வாளியில போட்டு வெளிய மண்ணு தரையிலயோ கல்லு மேலயோ வைங்க, மர டெக் மேல வேண்டாம், உள்ள கங்கு ரெண்டு மூணு நாளைக்குக் கூட உயிரோட இருக்கும்.

வூஸ்டர்_அக்கா:
கராஜ்ல வைக்கிறதா இருந்தா சிமென்ட் தரையில நேரா வைக்காதீங்க, கட்டை பாலெட் (மூட்டை அடுக்குற மரச்சட்டம்) மேல வைங்க. பையில ஊசி ஓட்டை இருக்கும், ஈரம் ஏறினா பெல்லட் ஊதி மரத்தூளாயிடும், அப்புறம் 410 டாலர்தா இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியது தான். அடுத்த வருஷத்துக்கு ஏப்ரல், மே மாசமே விலை கேட்டு வைங்க, நிறைய கடையில அப்ப தள்ளுபடி குடுப்பாங்க. இந்த 360 டாலர் பெல்லட்டையே அடுத்த வருஷமும் எடுத்தாலும் முதல்ல 5 பை எரிச்சுப் பாருங்க, மில்லுக்கு வர்ற மரம் மாறினா பெல்லட்டும் மாறிடும்.

நாஷுவா_வாசி:
சரிங்க அக்கா. பாலெட் ரெண்டு வச்சிருக்கேன், சனிக்கிழமை லோடு வருது.